ஆய்வுகூடத்திலிருந்து ஆக்கவுரிமை மேசைக்கு

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. செய்தி கேட்காமல் ஒரு நாளும் கழியாத காலம் அது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த ஊர்ச்சனம் இடம்பெயர்ந்தது என்பதையெல்லாம் பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும்தான் சொல்லின. பற்றரி இல்லாமல் றேடியோவை எப்படி இயக்குவது? ஊர் தானாகவே ஒரு வழி கண்டது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, சில்லோடு உரசும் டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார்கள்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வாற் கொண்டது. அது தருவது மாறுதிசை மின். றேடியோவுக்கு வேண்டியது நேர்மின். நாலு டயோட்டைப் பாலமாகக் கோர்த்து, ஒரு கொள்ளளவியைக் குறுக்கே பற்றவைத்தால்தான் இரைச்சல் அடங்கிக் குரல் தெளியும். வேகமாகச் சுற்றினால் வோல்ற்றளவு ஏறிப் பெட்டி பழுதாகும். களைத்துப்போய் மெல்லச் சுற்றினால் செய்தி நடுவில் கம்மிவிடும். ஆகவே சுற்றுகிறவரின் கையும் அந்தச் சுற்றின் ஒரு பகுதிதான். பள்ளிக்கூடப் பெடியள் இதைப் பெளதிகப் புத்தகத்தில் படிக்கும் முன்பே கையால் படித்தார்கள். றேடியோ திருத்தும் கடைக்காரர்களோ, பழைய பெட்டிகளில் கழற்றிய பாகங்களைக் கொண்டே வீட்டுக்கு வீடு இதைச் செய்துகொடுத்தார்கள்.

ஏறத்தாழ அதே வருடங்களில் இங்கிலாந்தில் ட்ரெவர் பெய்லிஸ் என்பவர் ஆபிரிக்காவில் எயிட்ஸ் பரவுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தார். நோய்த்தடுப்புச் செய்தி மக்களிடம் போய்ச் சேர றேடியோ வேண்டும். ஆனால் பற்றரி வாங்க அவர்களிடம் வசதி இல்லை. சுருள்வில்லை முறுக்கிவிட்டால், வில் தளரத் தளர மின்பிறப்பாக்கி சுழன்று றேடியோ பாடும் ஒரு பொறியை அவர் செய்தார். ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1990களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்காவில் அதற்குத் தொழிற்சாலையே வந்துவிட்டது.

இந்த இரண்டு றேடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் புதியது எது, ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்தது எது என்று கேட்பதையே தொழிலாகக் கொண்டவர் ஒருவர் இருக்கிறார். ஆக்கவுரிமைப் பரிசோதகர். எல்லாரும் பேற்றன்ற் என்று சொல்லும் அந்த உரிமையை ஒரு விண்ணப்பதாரருக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் எவ்வளவுக்குக் கொடுக்கலாம் என்று வாசித்துத் தீர்மானிப்பவர் அவர். இலத்திரனியல் படித்து, ஆய்வுகூடத்தில் சில வருடங்கள் இருந்து, பிறகு அந்த மேசைக்குப் போகும் பொறியியலாளர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். நமது பிள்ளைகளுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஏ/எல் கணிதப் பிரிவுப் பிள்ளையிடம் எதிர்காலம் பற்றிப் பேசும் எந்தப் பெரியவரும் இதைச் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முந்திய தலைமுறைக்குப் பொறியியல் படிக்க வழிகள் மிகச் சிலவே. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கிப் பின்னர் பேராதனைக்குப் போனது. கட்டுபெத்தையில் இன்னொரு நிறுவனம் வளர்ந்து, பிற்பாடு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. குடாநாட்டுப் பிள்ளைகள் இந்த இரண்டு வாசலிலும் பெருந்தொகையாக நின்றார்கள். 1960களின் இறுதியில் பொறியியலுக்குத் தெரிவானவர்களில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் தமிழ் மாணவர்கள். 1970களின் தொடக்கத்தில், பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தல் வந்ததும் அந்தப் பங்கு சில வருடங்களுக்குள் ஆறிலொன்று அளவுக்குச் சரிந்தது. அதனால் எழுந்த கோபத்தின் கதையை வேறு பலர் எழுதியிருக்கிறார்கள்.

உள்ளே போனவர்களுக்குக் காத்திருந்தவை மின்சார சபை, தபால் தந்தித் திணைக்களம், வானொலி, இல்லாவிட்டால் விரிவுரையாளர் பதவி. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்கவேணும் என்று சொல்லி வளர்ந்த ஊர் இது. அந்தச் சொல்லை இளக்காரமாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. மழையை நம்பிச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்த ஒரு குடும்பத்துக்கு, மாதம் முடியச் சம்பளமும் வயது போகப் பென்சனும் தரும் வேலை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மலாயாவின் றெயில்வே கந்தோர்களில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர்கள் பெற்ற நல்ல பெயரும் அந்த ஒழுங்கிலிருந்து வந்ததுதான். கோப்பை வரிவரியாக வாசிப்பது, திகதி பார்ப்பது, ஒரு சொல் பிசகினாலும் கண்டுபிடிப்பது.

ஆராய்ச்சிக்கோ வேறு பாதை. அதற்குக் கப்பல் ஏற வேண்டும். வடமராட்சியில் பிறந்து ஹாட்லிக் கல்லூரியில் படித்த அழகையா துரைராசா கேம்பிரிட்ஜ் போனார். மண்ணின் பொறியியல் இயல்புகளில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் மண்பொறியியல் மாணவர்கள் தாண்டிப்போக முடியாத ஒன்று. அவருக்கு வெளிநாட்டிலேயே இருந்துவிட வழி இருந்தது. அவர் திரும்பிவந்தார். பேராதனையில் கற்பித்தார். 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். எரிபொருள் இல்லாத தடைக்காலத்தில் துணைவேந்தர் சைக்கிளில் வளாகத்துக்கு வந்ததை அந்தத் தலைமுறை மாணவர்கள் இப்போதும் சொல்வார்கள். 1994இல் அறுபது வயதுகூட நிரம்பாமல் காலமானார்.

இலத்திரனியலுக்கு நெருங்கிய இன்னொரு பாதை பேராசிரியர் இரத்தினஜீவன் ஹூலுடையது. கட்டுபெத்தையில் பொறியியல் பட்டம், லண்டனில் முதுமாணி, 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம். மின்காந்தப் புலங்களைக் கணினியால் கணிப்பது அவரது துறை. அதற்காக ஐஈஈஈ என்ற உலக மின்பொறியியலாளர் அமைப்பின் பெல்லோ ஆனவர். அவர் 2015 முதல் 2020 வரை இலங்கைத் தேர்தல் ஆணைக்குழுவில் உறுப்பினராக இருந்தார். ஆய்வுகூடத்தில் பழகிய கண்ணைச் சட்டத்தின் வாசகத்துக்கும் நடைமுறைக்கும் திருப்பியவர் என்ற வகையில், நான் பேசும் பாதைக்கு எங்கள் ஊரில் கிட்டிய எடுத்துக்காட்டு அவர்தான்.

யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் 1974இல் வந்தது. பொறியியற் பீடம் வரவில்லை. வேண்டும் என்று 1970களின் இறுதியிலேயே பேசப்பட்டது; போர் வந்தது, வருடங்கள் போயின. 2013இல்தான் கிளிநொச்சி அறிவியல் நகரில் அந்தப் பீடம் எழுந்தது. குடாநாட்டுக்கு வெளியே, ஆனையிறவுக்கு அப்பால். மின், இலத்திரனியல் பொறியியலுக்கு அங்கே தனித்துறை இருக்கிறது. வளாகம் வந்து ஏறத்தாழ நாற்பது வருடங்கள் கழித்து! அந்த இடைவெளியில் எத்தனை பிள்ளைகள் றேடியோக் கடைகளிலேயே நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் படகேறினார்கள், எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்கள் என்பதற்கு யாரிடமும் முழுக்கணக்கு இருக்கப்போவதில்லை.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தின் பெளதிகத்துறை இந்தக் காலமெல்லாம் தாங்கிநின்றது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆய்வு செய்து திரும்பிய பேராசிரியர் பு. ரவிராஜன் அங்கே சூரியக்கல ஆய்வைக் கட்டியெழுப்பினார். ரைற்றேனியம் டையொக்சைட்டின் நுண்துளைப் படலத்தில் ஒளியுறிஞ்சும் பொலிமரைச் சேர்த்துக் கலம் செய்யும் வேலை அது. அங்கிருந்து நோர்வேக்கும் பிரித்தானியாவுக்கும் ஆய்வு மாணவர்கள் போய்வருகிறார்கள். மின்சாரம் இல்லாமல் வளர்ந்த ஊர் மின்சாரம் செய்யும் படலங்களை ஆராய்கிறது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை.

ஆனால் கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு என்ன? உலகெங்கும் ஆய்வாளர்கள் படும் பாடு ஒன்றுதான். இரண்டு வருட ஒப்பந்தம், அது முடிய இன்னொரு நாட்டில் இன்னொரு இரண்டு வருடம். நிரந்தரப் பதவி சிலருக்கே. மிச்சப்பேர் முப்பத்தைந்து வயதில், கலியாணமும் பிள்ளையும் ஆனபின், எங்கே போவது என்று யோசிக்கிறார்கள். அந்த இடத்தில்தான் இந்த ஆக்கவுரிமை மேசை வருகிறது. அங்கே சேரப்போவதைத் தொலைபேசியில் அறிவித்தால் வீட்டில் கேட்கும் கேள்வி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“இவ்வளவு படிச்சுப்போட்டு இனி பைல் பாக்கப் போறியோ, தம்பி?”

“வெறும் பைல் இல்லையப்பா. ஆரோ ஒரு இஞ்சினியர் மூண்டு நாலு வருசம் பாடுபட்டுக் கண்டுபிடிச்சதை எழுதி அனுப்புவார். அதைக் கந்தோரிலை முதல்முதல் விளங்கி வாசிக்கிற ஆள் நான்.”

“அப்ப பிழை பிடிக்கிற வேலை எண்டு சொல்லு.”

“எல்லை பாக்கிற வேலை எண்டு சொல்லுங்கோவன்.”

மகன் சொல்வது சரி. யாழ்ப்பாணத்தில் காணி உறுதியை எடுத்துப் பார்த்தால், கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னது, தெற்கே இன்னது என்று எல்லை எழுதியிருக்கும். ஆக்கவுரிமை விண்ணப்பத்தின் உயிர்நாடியும் அப்படிப்பட்டதொரு வாசகம்தான். அதை உரிமைக்கோரல் என்பார்கள். கண்டுபிடிப்பாளர் இந்த அளவு எனக்கு என்று எல்லை போடுகிறார். வேலியை அரக்கிப் பொது ஒழுங்கையையும் உள்ளே எடுத்திருக்கிறாரா என்று பரிசோதகர் பார்க்கிறார்.

அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்பதை எங்கள் டைனமோ றேடியோவை வைத்தே சொல்லலாம். 1991இல் நம்மவர் ஒருவர் விண்ணப்பம் போட்டிருந்தால் கோரல் இப்படி இருந்திருக்கும்: கையால் சுழற்றும் ஒரு சில்லு, அச்சில்லால் இயங்கும் மின்பிறப்பாக்கி, மாறுதிசை மின்னை நேராக்கும் டயோட்டுகள், ஏற்ற இறக்கத்தைத் தணிக்கும் கொள்ளளவி, அதில் இயங்கும் வானொலிப் பெட்டி. பரிசோதகர் இதைத் துண்டுதுண்டாக உடைத்து எழுதிக்கொள்வார். பிறகு ஒவ்வொரு துண்டும் முன்பு எங்காவது வந்திருக்கிறதா என்று தேடப் புறப்படுவார். தேடுவதற்குச் சர்வதேச வகைப்பாடு ஒன்று உண்டு. ஏ முதல் எச் வரை எட்டுப் பெரும்பிரிவுகள்; பெளதிகம் ஜீ, மின்சாரம் எச். தொலைத்தொடர்பு எச்04க்குள் வரும். திருநெல்வேலியில் செய்யும் பொலிமர்ச் சூரியக்கலம் போன்றவை இப்போது எச்10கே என்ற புதிய பகுதிக்கு மாறியிருக்கின்றன. அந்தத் துறையில் ஐந்து வருடம் ஆய்வுகூடத்தில் இருந்தவருக்கு எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் எது வரும் என்பது தெரியும். படத்தைப் பார்த்ததுமே இது முன்பு கண்ட ஒன்று என்று மனதில் தட்டும். வெறும் சட்டம் படித்தவருக்கு அது வராது. ஆய்வில் கழிந்த வருடங்கள் வீணாகவில்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

தேடினால் என்ன கிடைத்திருக்கும்? 1929இல் அவுஸ்திரேலியாவின் அல்பிரட் ட்ரேகர் பெடல் மிதித்து இயக்கும் வானொலிக் கருவியைச் செய்துவிட்டார். பறக்கும் மருத்துவர் சேவையை நம்பிப் பாலைவெளியில் தனித்துக் கிடந்த குடும்பங்களுக்காகச் செய்தது. டயோட்டுப் பாலமோ அதற்கும் முந்தியது. தேடல் அறிக்கையில் கிடைத்த ஆவணங்களுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து இடுவார்கள். தனியாகவே கோரலை வீழ்த்தும் ஆவணத்துக்கு எக்ஸ். இன்னொன்றோடு சேர்த்தால் வீழ்த்துவதற்கு வை. பின்னணிக்கு ஏ. எங்கள் டைனமோ றேடியோ இந்த எழுத்துகளைத் தாண்டியிருக்காது என்பதே என் எண்ணம். துறை தெரிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றக்கூடிய சேர்க்கை என்று பரிசோதகர் எழுதியிருப்பார்; அது நியாயமான தீர்ப்பாகவும் இருந்திருக்கும். ஆனால் பெய்லிஸின் பொறியில் சுருள்வில் சக்தியைச் சேமித்துவைத்து மெல்ல மெல்ல விடுகிறது. சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடலாம். எங்கள் சைக்கிளில் கையை எடுத்தால் செய்தி நின்றுவிடும். பரிசோதகரின் கண்ணுக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம்.

டைனமோ றேடியோ போகட்டும். மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள் இருந்தன. சொட்டுப் பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஜாம் போத்தலும் பஞ்சும் மெல்லிய திரியும் கொண்டு, மிகக் குறைந்த எண்ணெயில் இரவெல்லாம் எரிந்த சிக்கன விளக்கு இருந்தது. அந்த வெளிச்சத்தில் படித்து ஏ/எல் எடுத்தவர்கள் இன்று உலகெங்கும் பொறியியலாளர்கள், மருத்துவர்கள். இவற்றில் எதையாவது யாராவது படம் வரைந்து, அளவு குறித்து, திகதியிட்டு எழுதிவைத்தார்களா? மிகச் சிலரே. எமது சட்டத்தின்படி உலகில் எங்கே ஒரு பொருள் பயன்பாட்டில் இருந்து பொதுமக்களுக்குத் தெரிந்திருந்தாலும், பிறகு வருபவர் அதைப் புதிது என்று கோர முடியாது. ஆனால் பரிசோதகர் சான்று கேட்பார், திகதி கேட்பார். 1981 யூன் முதலாம் திகதி விடியும் முன் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகத்தை நினைக்கும்போது, ஆவணம் என்ற ஒன்றை இழந்த ஊர் எவ்வளவு இழக்கிறது என்பது எனக்கு இன்னும் கூர்மையாக உறைக்கிறது.

ஆவணம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மஞ்சள் வழக்கு சாட்சி. காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை கொடுத்துவிட்டார்கள். இந்திய விஞ்ஞான கைத்தொழில் ஆய்வு மன்றம் பழைய நூல்களையும், 1953இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வந்த கட்டுரையையும் காட்டி, 1997இல் அதை இரத்துச் செய்வித்தது. பின்னர் இந்தியா மரபறிவு மின்னூலகம் ஒன்றை அமைத்தது. சித்த மருத்துவத்தின் தமிழ் நூல்களும் அதில் ஏறியிருக்கின்றன. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் 2009 முதல் அதைப் பார்த்துத் தேடுகிறது. யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும், பனை பற்றி இந்த மண் நூற்றாண்டுகளாகச் சேர்த்த அறிவும் அத்தகைய மேசைகளுக்கு எட்டும்படி வகைப்படுத்தப்பட வேண்டும். அதைச் செய்ய மருத்துவமும் தமிழும் தெரிந்தால் மட்டும் போதாது. பரிசோதகர் எப்படித் தேடுவார் என்று தெரிந்தவரும் கூட இருக்க வேண்டும்.

இந்த வேலைக்குப் போகிறவர் சிலவற்றை இழக்கிறார், அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கையால் செய்யும் இன்பம் போய்விடும். சாலிடர் மணமும், இரவு பதினொரு மணிக்கு வளைகோடு எதிர்பார்த்தபடி ஏறும்போது வரும் பரவசமும் திரும்பிவராது. தன் பெயரில் கண்டுபிடிக்கவும் தடை உண்டு: அமெரிக்க அலுவலகத்தில் வேலைசெய்பவர், பதவியில் இருக்கும்போதும் விலகி ஒரு வருடம் வரையிலும் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. எண்ணிக்கைக் கணக்கு உண்டு; இத்தனை நாளுக்குள் இத்தனை விண்ணப்பம் முடிக்கவேண்டும். ஒரு சட்டத்தரணி பத்துப் பக்கத்தில் மறுத்து எழுதினால், கோபப்படாமல் வரிக்கு வரி பதில் எழுதவேண்டும்.

இருந்தும் இந்த மேசை சிறிய மேசை இல்லை. ஐன்ஸ்டைன் 1902இல் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகர ஆக்கவுரிமை அலுவலகத்தில் மூன்றாந்தரத் தொழில்நுட்ப நிபுணராகச் சேர்ந்தார். 1909 வரை அங்கே இருந்தார். அவர் எழுதிய பரிசோதனைக் குறிப்புகளில் எஞ்சியவை மிகச் சில. அவற்றில் ஒன்று 1907இல் ஏஈஜி நிறுவனத்தின் மாறுதிசை மின்பொறி பற்றியது. விண்ணப்பம் பிழையாகவும் தெளிவில்லாமலும் எழுதப்பட்டிருக்கிறது என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். சார்புக் கொள்கையின் முதற்கட்டுரை வந்ததும் அந்த அலுவலக வருடங்களில்தான். பேர்ன் இன்று நமக்கும் தெரிந்த ஊர். 2014இல் அங்கே சமயங்களின் இல்லம் திறந்தபோது சைவக்கோயிலும் அதனுள் எழுந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாகப் போனவர்களின் பிள்ளைகள் அந்த நகரத்துப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்குக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. ஐரோப்பிய ஆக்கவுரிமை அலுவலகம் மியூனிச், ஹேக், பேர்லின் நகரங்களில் பரிசோதகர்களை வைத்திருக்கிறது. அதன் 39 உறுப்பு நாடுகளில் ஒன்றின் குடியுரிமையும், பொறியியல் அல்லது விஞ்ஞானப் பட்டமும் வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் மூன்றும் அங்கே அலுவல் மொழிகள். வீட்டில் தமிழ், தெருவில் ஜேர்மன், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும் என்று வளர்ந்த சுவிஸ் தமிழ்ப் பிள்ளையைவிட இதற்குப் பொருத்தமானவர் யார்? அங்கே ஒருவர் தனியாக முடிவெடுப்பதில்லை. மூன்று பரிசோதகர்கள் கொண்ட பிரிவு தீர்மானிக்கும். பிரித்தானிய அலுவலகம் வேல்ஸின் நியூபோர்ட்டில் இருக்கிறது. அமெரிக்க அலுவலகம் அமெரிக்கக் குடியுரிமை கேட்கும். சென்னை கிண்டியில் இந்திய ஆக்கவுரிமை அலுவலகத்தின் கிளை இருக்கிறது. 2023இல் இந்தியா முழுதும் 553 பரிசோதகர் பதவிகளுக்குப் போட்டிப் பரீட்சை வைத்தார்கள். இலத்திரனியல் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது அரச வேலை, கசற்றட் தரம், பொறியியலை விட்டு விலகாத வேலை. நமது பிள்ளைகளுக்கு அந்தப் பரீட்சை இல்லை.

கொழும்பில் என்ன நிலை? 1979 வரை ஆங்கிலேயர் காலத்து ஆக்கவுரிமைச் சட்டமே இருந்தது. அந்த வருடம் புதிய சட்டக்கோவை வந்தது. 2003இல் இன்றைய புலமைச் சொத்துச் சட்டம் வந்தது. விண்ணப்பங்கள் கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகும். விண்ணப்பதாரர் சர்வதேசத் தரத்திலான தேடல் அறிக்கையை இணைக்கலாம்; இல்லாவிட்டால் கட்டணம் செலுத்தி உள்ளூர்ப் பரிசோதகரிடம் அனுப்பும்படி கேட்கலாம். எனது மனக்குறை இந்த இடத்தில்தான். உள்ளூர்ப் பரிசோதகர் என்பது நம் நாட்டில் ஒரு பிள்ளை கனவு காணும் தொழிலாக இன்னும் வளரவில்லை. கலாநிதிப் பட்டம் பெற்ற இலத்திரனியல் ஆய்வாளர் ஒருவர் நாட்டில் தங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன கொடுக்கலாம்? நிரந்தரப் பதவி, பயிற்சி, வெளிநாட்டு அலுவலகங்களோடு பரிமாற்றம், தமிழிலும் சிங்களத்திலும் விண்ணப்பதாரரோடு பேசும் வசதி. பெரிய கட்டடமோ பெறுமதியான இயந்திரமோ தேவையில்லை. நல்ல கணினியும் தரவுத்தள அணுக்கமும் படித்த கண்களும் போதும். அந்தக் கண்களில் ஒரு பங்கு கிளிநொச்சியிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வரவேண்டும்.

அதற்கு முதற்படி பொறியியற் பீடத்துக்குள்ளேயே இருக்கிறது. இறுதிவருடச் செயற்றிட்டம் செய்யும் ஒவ்வொரு மாணவரும், அதைத் தொடங்க முன் ஒரு நாளாவது ஆக்கவுரிமைத் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கவேண்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. யாராவது முன்பே செய்துவிட்டார்களா என்பது அன்றே தெரிந்துவிடும். ஆறு மாத உழைப்பு மிஞ்சும். முடிவில் ஒரு உரிமைக்கோரலையும் எழுதிப் பார்க்கச் சொல்லலாம். தான் செய்ததில் எது உண்மையில் புதியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரியாதவருக்கு ஆய்வுக் கட்டுரையும் சரியாக எழுத வராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிக இணைப்பு அலகு ஒன்று இருக்கிறது; இந்தப் பயிற்சியைப் பீடங்களுக்குக் கொண்டுபோக ஏற்ற இடம் அதுதான்.

காலம் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், புவியோடு சேர்ந்து சுழலும் செய்மதிகளால் உலகெங்கும் ஒலிபரப்பலாம் என்பதை 1945 ஒக்டோபரில் ஒரு வானொலிச் சஞ்சிகையில் எழுதினார். ஆக்கவுரிமை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைய பிரித்தானியச் சட்டத்தில் ஆக்கவுரிமையின் ஆயுள் 16 வருடம். அந்த ஆயுள் முடிந்தபிறகே, 1963இல், அத்தகைய முதலாவது செய்மதி மேலே போனது. அவர் எழுதியது உலகத்தின் பொதுச்சொத்தாகி, பிறகு வந்த யாரும் அந்த அடிப்படையைத் தனதென்று கோர முடியாதபடி நிற்கிறது. அது அவருடைய தெரிவு, பெருந்தன்மையானதும்கூட. கிளிநொச்சி மாணவருக்கும் அந்தத் தெரிவு உண்டு, ஆனால் அது தெரிந்து செய்யும் தெரிவாக இருக்கவேண்டும். செப்ரெம்பரில் ஒரு மாநாட்டில் தன் சுற்றை விளக்கிக் காட்டிவிட்டு, அடுத்த வருடம் விண்ணப்பிக்க நினைத்தால் என்ன ஆகும்? இலங்கைச் சட்டம், கண்டுபிடிப்பாளர் தானே வெளியிட்டதற்கு ஒரு வருடம் பொறுக்கும். அமெரிக்காவும் ஒரு வருடம் பொறுக்கும். ஐரோப்பாவில் பொதுவாக அந்தப் பொறுதி இல்லை. மாநாட்டில் காட்டிய அன்றே அந்த வாசல் சாத்தப்பட்டுவிடும். ஆகவே மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பும் முன், மேற்பார்வையாளரோடு இருந்து, எதை வெளியிடுவது, எதற்கு முதலில் விண்ணப்பம் போடுவது என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தைத் திகதியோடு ஆய்வுகூடக் கொப்பியில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும்.